கேப் போட்ட பல் மட்டும் முதலில் இடிக்கிறது

கேள்வி – ஜூன் 4, இரவு 9.12

கீழே வலது கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல் முடித்து கேப் போட்டு 12 நாள் ஆகிறது. வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் தட்டுகிறது, மற்றதெல்லாம் அப்புறம்தான் வருகிறது. போட்ட இடத்தில் கேட்டால் "பழகிடும்" என்கிறார்கள். இரவில் காதுக்கு முன்னால் வலி வேறு. எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: சும்மா இருக்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் முழுக்க ஒட்டித்தானே இருக்க வேண்டும்? நாள் முழுக்க ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உட்காரவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 4, இரவு 10.50

ஒட்டியிருக்கக் கூடாது.

இதைப் படிக்கிற எல்லோரும் இப்போதே பாருங்கள். உதடு மூடியிருக்கிறது, பல் எங்கே இருக்கிறது? தாடை தளர்ந்திருந்தால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்கும். நாக்கின் நுனி, 'ன' சொல்லும்போது தொடும் மேட்டில் லேசாகச் சாய்ந்திருக்கும். ('ந' இல்லை. 'ந' சொன்னால் நாக்கு பல்லின் மேலேயே போய் ஒட்டும். வேண்டுமானால் 'மனம்', 'பந்து' இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.) மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் பல்லோடு பல் தொடும். அந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு 20 நிமிடம்கூட வராது.

நாள் முழுக்க ஒட்டவைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், காதுக்கு முன்னால் வரும் வலி அந்த வேலையால் வந்த தசைவலியாகவே இருக்கலாம். முதலில் அதை நிறுத்துங்கள்.

நான் டாக்டர் இல்லை. 26 வருடமாக லேபில் உட்கார்ந்து கேப்பும் பல்செட்டும் செய்கிறவன். வாய்க்குள் பார்த்ததைவிட ஸ்டோன் மாடலில் (அச்சில் மாவு ஊற்றி உறையவைத்த பல்வரிசை நகலில்) பார்த்ததுதான் அதிகம்.

ஜூன் 4, இரவு 11.25

படுக்கப் போய்விட்டு எழுந்து வந்தேன். மேலே பாதி பதில்தான் சொன்னேன்.

ஓய்வில் ஒட்டக் கூடாது என்பது ஒன்று. மூடும்போது ஒரே பல் முன்னாடி வந்து இடிப்பது வேறு. இரண்டாவது இருந்தால் கேப் உயரம் என்று அர்த்தம், அதைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சின்ன வித்தியாசம் இரண்டு மூன்று நாளில் பழகிப்போகும் என்பது உண்மை. 12 நாளாகியும் வலிக்கிறது என்றால் திரும்பப் போங்கள். போனதும் ஒன்று கேளுங்கள்: நாற்காலியை நிமிர்த்தி, உட்காரவைத்துக் கடிக்கச் சொல்லட்டும். மல்லாந்து படுத்தால் கீழ்த்தாடை கொஞ்சம் பின்னால் இறங்கிவிடும், கடி வேறு இடத்தில் விழும். படுத்தபடி பார்த்து "சரியா இருக்கே" என்று அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் உட்கார்ந்ததும் இடிப்பது இப்படித்தான்.

ஜூன் 5, மதியம் 1.40

"கேப் ஏன் உயரமாக வருகிறது, லேப்காரன் தூங்கினானா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சில நாள் தூங்கியதுண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் கடுகளவுதான்.

அச்சு எடுக்கும்போது பல்லின் மேலே உள்ள பள்ளத்தில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அச்சில் அது ஒரு சின்னக் குழி. அதில் நான் ஸ்டோன் ஊற்றினால் குழிக்குள்ளும் போய் உறையும். மாடலை உடைத்து எடுத்தால், வாயில் இல்லாத ஒரு முத்து பல்லின் மேல் முளைத்திருக்கும். மேல் மாடலையும் கீழ் மாடலையும், தாடை மாதிரி திறந்து மூடும் ஆர்டிகுலேட்டர் கருவியில் மாட்டி மூடினால், அந்த முத்து இடையில் நின்று இரண்டையும் முழுசாகச் சேரவிடாது. எனக்குத் தெரிகிற இடைவெளியை நிரப்பி எதிர்ப்பல் தொடும்வரை கேப்பைக் கட்டுவேன். வாயில் முத்து இல்லை. கேப் அந்த அளவு உயரம்.

கதவுக் கீலுக்குப் பக்கத்தில் கூழாங்கல் மாட்டிய மாதிரிதான். கடைசிப் பல்லில் 1 மி.மீ. உயர்ந்தால் முன்பல்லில் கிட்டத்தட்ட 3 மி.மீ. திறந்துவிடும் என்பது எங்கள் லேப் கணக்கு. அதனால் மாடல் வந்ததும் முதல் வேலை, லென்ஸை மாட்டிக்கொண்டு பிளேடு நுனியால் முத்துகளைச் சுரண்டுவது. சுரண்டும்போது பல்லையும் சேர்த்துச் சுரண்டிவிட்டால் கேப் குட்டையாகப் போகும். குட்டையான கேப்புக்கு யாரும் புகார் சொல்வதில்லை. எதிர்ப்பல் மெல்ல வளர்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம்: பல்லைச் செதுக்கிவிட்டு, நிரந்தரக் கேப் வரும்வரை தற்காலிகக் கேப் போடாமல் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுவது. எதிர்ப்பல் அந்தக் காலி இடத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடும். அச்சு எடுத்த அன்று சரியாக இருந்த கேப், மாட்டும் அன்று உயரம்.

ஜூன் 5, மதியம் 1.52

தண்ணீரில் குழைக்கும் ஆல்ஜினேட் பசையில் எடுத்த அச்சை ஈரத்துணி இல்லாமல் பாலிதீன் பையில் போட்டு சாயங்காலம் பஸ்ஸில் அனுப்புகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது காய்ந்து சுருங்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 5, இரவு 9.30

நல்ல கேள்வி வந்திருக்கிறது: ரூட் கேனல் செய்த பல்லில் நரம்பையே எடுத்துவிட்டார்களே, உயரமாக இருப்பது எப்படித் தெரிகிறது?

எடுத்தது பல்லுக்குள்ளே இருந்த நரம்பு. கூச்சம், சூடு, ஜில் தெரிவது அதனால். அழுத்தம் தெரிவது பல்லுக்கு வெளியே. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மி.மீ. தடிப்பில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. பல் எலும்பில் ஆணி மாதிரி அறையப்பட்டில்லை, அந்த நாரில் தொட்டில் கட்டிய மாதிரி தொங்குகிறது. அதில் உள்ள உணர்நரம்புகள் பொல்லாதவை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே 20 மைக்ரான் தகடு வைத்தாலே தெரிந்துவிடும். தலைமுடி அதைவிட மூன்று மடங்கு தடிப்பு.

சோற்றில் கல் கடிபட்டால் நடப்பதை நினைத்துப் பாருங்கள். 'கல்' என்று மனசு சொல்வதற்கு முன்பே தாடை திறந்துவிடும். கடைவாய்ப்பல்லில் ஒருவர் மூச்சைப் பிடித்துக் கடித்தால் 50 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். அதைச் சட்டென்று நிறுத்தும் பிரேக்கில் அந்த நாருக்குப் பெரிய பங்கு. முழுப் பல்செட் போட்டவர்களுக்கு அது கிடையாது. என் அப்பா அரிசியில் கல் பொறுக்குவதில் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று, அவருக்கு நானே செட் செய்து கொடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எலும்பில் திருகிவைக்கும் இம்ப்ளான்ட்டிலும் அந்த நார் இல்லை. உங்கள் பல் கடிக்கும்போது நாருக்குள் துளி இறங்கிக் கொடுக்கும், இம்ப்ளான்ட் அசையாது. அதனால் அதன் கேப்பைக் கொஞ்சம் விட்டுத்தான் செய்வோம். மெதுவாகக் கடித்தால் 8 மைக்ரான் தகடு வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும், அழுத்திக் கடித்தால்தான் பிடிபட வேண்டும்.

ஜூன் 7, இரவு 10.15

தாடை மூட்டு பற்றிக் கேட்டவர்களுக்கு.

காதுத் துளைக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறங்கள். முதல் பாதியில், ஏறத்தாழ 2 செ.மீ. வரை, உள்ளே ஒரு குமிழ் சுழல்கிறது. அதற்கு மேல் திறந்தால் அந்தக் குமிழ் குழியை விட்டு முன்னால் வழுக்கி ஒரு மேட்டின் மேல் ஏறுகிறது. விரலுக்கடியில் பள்ளம் விழுவது தெரியும். சுழலவும் செய்யும், வழுக்கவும் செய்யும். அதுவும் இடதும் வலதும் ஒரே எலும்பில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்று தனியாகப் போக முடியாது. நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், திறக்கும்போது குமிழ் அதன் மேல் ஏறும் சத்தம்தான் பலருக்குக் கேட்கும் 'டிக்'. வலி இல்லாமல், வாய் மூன்று விரல் நுழையும் அளவு திறந்தால், அந்தச் சத்தத்துக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்பார்கள். எனக்கே இடது பக்கம் 15 வருடமாக டிக்.

மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால்தான் வம்பு. என் மாமனார் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பெரிய கொட்டாவி விட்டார், வாய் மூடவே இல்லை. பேச முடியாமல் கையால் சைகை காட்டுகிறார், நாங்கள் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப்பல்லின் மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். 'லொடக்'. துணி எதற்கு என்று அப்புறம்தான் கேட்டேன். மூட்டு உள்ளே விழுந்ததும் வாய் பட்டென்று மூடிக்கொள்ளுமாம். பழைய எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்றிலேயே இந்தக் கட்டைவிரல் வைத்தியம் இருக்கிறது.

அப்புறம், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும் கடி கோணலாக இருப்பதுதான் காரணம். அதைச் சரிசெய்தால் நின்றுவிடும்.

ஜூன் 8, காலை 6.50

முகவாய், கிளிப் பற்றி ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். 'கிளாஸ் 2', 'கிளாஸ் 3' என்று சீட்டில் எழுதுவது, எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் கடி எப்படிச் சேர்கிறது என்பதற்கு 1899-ல் போட்ட வகைப்பாடு. ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல்தான் அளவுகோல். மேல்பல்லின் வெளிப்பக்க முன்முனை, கீழ்ப்பல்லின் வெளிப்பக்கப் பள்ளத்தில் விழுந்தால் 1. கீழ்ப்பல் பின்னால் போயிருந்தால் 2. முன்னால் வந்திருந்தால் 3. பரீட்சை வகுப்பு இல்லை, 3 வாங்கியதற்காக யாரும் பெருமைப்பட வேண்டாம்.

ஜூன் 9, இரவு 11.05

ஜூன் 7 குறிப்பின் கடைசிப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். பல் மருத்துவம் படிக்கும் ஒரு பெண் தனிச்செய்தியில் வந்து நன்றாகக் கொடுத்தார். அவர் சொன்னது சரி.

நான் வேலை கற்ற காலத்தில் குருநாதர் முதல் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்: கடியில் ஒரு மேடு இருக்கிறது, தூக்கத்தில் வாய் அதை அரைத்துத் தள்ளப் பார்க்கிறது. கேட்க அழகான விளக்கம். ஆனால் தூக்கத்தை அளந்து பார்த்தவர்கள் கண்டது, மூளை ஆழ்ந்த நிலையிலிருந்து லேசாக விழிக்கும் தருணங்களோடு சேர்ந்து இது வருகிறது என்று. மன அழுத்தம், புகை, மது, அதிகக் காபி, சில மனநல மருந்துகள் இதை ஏற்றிவிடும். கடி பெரிய குற்றவாளி இல்லை. குழந்தை பல்லைக் கடித்தால் "வயிற்றில் பூச்சி" என்று எங்கள் ஆச்சி வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுப்பார். பூச்சியைச் சொன்ன ஆச்சிக்கும் மேட்டைச் சொன்ன எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் யோசித்திருக்க வேண்டும். தூங்கும்போது பல்லின் மேல் மாட்டும் இரவுத் தட்டு செய்து அனுப்புகிறேன், கடினமான அக்ரிலிக், கண்ணாடி மாதிரி வழவழப்பாக. கடியில் எந்த மேடும் கிடையாது. ஒரு வருடம் கழித்து ரிப்பேருக்கு வரும்போது பார்த்தால், கோரைப்பல் படும் இடத்தில் இரண்டு பக்கமும் விரல்நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். மேடே இல்லாத இடத்திலும் அந்த மனிதர் ராத்திரியெல்லாம் அரைத்திருக்கிறார். தட்டு கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும், அதுதான் அதன் வேலை.

அதே பெண் இன்னொன்றும் சொன்னார்: '20 நிமிடம்' என்பதைக் கடிகாரம் வைத்து அளந்த மாதிரி எழுதிவிட்டேன் என்று. அது பழைய மதிப்பீடு, ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கணக்கில் ஒட்டியிருக்கக் கூடாது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12, இரவு 10.40

காதில் இரைச்சல், தலைவலி, கழுத்துவலி எல்லாவற்றுக்கும் "கடியைச் சரிசெய்யணும், எட்டுப் பல்லை லேசாக ராவணும்" என்று சொல்லப்பட்டவர் எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள்.

இந்த எண்ணத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1934-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேம்ஸ் கோஸ்டன் என்ற காது-மூக்கு-தொண்டை மருத்துவர், கடைவாய்ப்பல் இழந்தவர்களுக்குத் தாடை மேலே ஏறி மூட்டுக்குப் பின்னால் அழுத்துகிறது, காது உபத்திரவம் அதனால்தான் என்று எழுதினார். அவர் சொன்ன மாதிரி அழுத்த அங்கே வழியில்லை என்று உடற்கூறு தெரிந்தவர்கள் பிறகு மறுத்தார்கள். ஆனால் அதற்குள் பல் வைத்தியம் கடியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. எதற்கெடுத்தாலும் கடி. 1996-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, தாடை மூட்டு வலிக்கு முதலில் திரும்ப எடுத்துவிடக்கூடிய சிகிச்சையையே பார்க்கச் சொன்னது. தட்டைக் கழற்றி வைக்கலாம், மருந்தை நிறுத்தலாம். ராவிய எனாமலை ஒட்டவைக்க முடியாது, அது மறுபடி முளைக்கவும் முளைக்காது.

என் மைத்துனிக்கு 'டிக்' சத்தத்துக்காக ஓர் இடத்தில் நாலு தடவை உட்காரவைத்து ராவினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. கூடுதலாகக் கூச்சம் வந்தது. இப்போது தயிரைக்கூட வெளியே எடுத்துவைத்து, ஜில் போன பிறகுதான் சாப்பிடுகிறாள். முதலில் ஆளைப் பிடித்து "உன் கடி தப்பு" என்று சொல்லிவிட்டால் அதுவே ஒரு நோய். அதன் பிறகு அவள் ஒரு நாளும் கடியைச் சோதிக்காமல் இருந்ததில்லை.

உயரமான ஒரு கேப்பைக் குறைப்பது இதில் சேராது. அது நேற்று வைத்த கல்லை எடுப்பது. இது பிறந்ததிலிருந்து இருக்கும் திண்ணையை இடிப்பது.

ஜூன் 12, இரவு 11.10

"பல் எல்லாம் ஒரே இடத்தில்தான் மூடும், இரண்டு இடத்தில் மூடினால் கோளாறு" என்பவருக்கு: உல்ஃப் பொஸ்ஸெல்ட் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1952-லேயே அளந்துவிட்டார். மூட்டு பின்னால் சௌகரியமாக உட்காரும் நிலைக்கும், பல் முழுசாகச் சேரும் நிலைக்கும் நடுவே 1 மி.மீ. போல நழுவல், பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கிறது. பத்தில் ஒன்பது பேரும் நோயாளி என்றால் மிச்சமுள்ள ஒருவரைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

ஜூன் 15, மாலை 5.20

பேச்சு முறுக்குக்குப் போய்விட்டது, சரி, நானும் வருகிறேன். "அந்தக் காலத்தில் கரும்பும் வேர்க்கடலையும் கடித்தார்கள், தெத்துப்பல்லே கிடையாது" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த பல் மருத்துவர் ரேமண்ட் பெக், ஆங்கிளிடமே படித்தவர், அங்குள்ள பழங்குடிகளின் மண்டையோடுகளைப் பார்த்து 1954-ல் எழுதினார்: கரடுமுரடான உணவால் பல்லின் மேலும் தேய்கிறது, பல்லுக்குப் பல் உரசும் பக்கமும் தேய்கிறது, அதனால் வரிசையில் இடம் கிடைக்கிறது. முன்பல்கூட மேல் கீழாக மூடாமல் விளிம்போடு விளிம்பு நிற்கும். அவர் ஆசான் ஆங்கிள் பல்லைப் பிடுங்கக் கூடாது என்பதில் பிடிவாதம். சீடர் இந்தக் கணக்கை வைத்துத்தான் நாலு பல்லை எடுத்துவிட்டு கிளிப் போட்டார். அவர் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. தேய்மானம் மட்டுமே காரணமா, சின்ன வயதில் நன்றாக மெல்லாததால் தாடை வளரவில்லையா என்ற சண்டை தனி.

அதற்காக 40 வயதில் முறுக்கு கடித்துத் தாடையை வளர்க்க முடியாது. கேப்தான் உடையும். எனக்கு வேலை வரும், நான் தடுக்கவில்லை.

ஜூன் 15, இரவு 9.45

பல்செட் பேசும்போது 'டக் டக்' என்று தட்டுகிறது என்றவருக்கு: உயரம் கூடிவிட்டது. நான் மேலே சொன்ன 2 மி.மீ. இடைவெளியைச் செட் தின்றுவிட்டது. செட் கட்டும் முன் டாக்டர் "அம்மா" என்று சொல்லச் சொல்லி உதடு சேர்ந்த இடத்தில் மூக்குக்கும் தாடைக்கும் அளவு எடுப்பார். 'ம்' சொல்லும்போது பல் தொடாது. பிறகு மெழுகில் பல் அடுக்கியதும் "சரஸ்வதி" சொல்லச் சொல்வார். 'ஸ' வரும்போது மேலும் கீழும் நெருங்கி வரும், ஆனால் தட்டக் கூடாது. தட்டினால் செட் மெழுகோடு எங்களிடம் திரும்பி வரும். என் அப்பா செட்டில் இதைச் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து என்னைத் திட்டத் தொடங்கியதும்தான் தட்டியது, வேகம் அப்படி. ஒன்றரை மி.மீ. குறைத்தேன்.

கடைசிக் கடைவாய்ப்பல் போய்விட்டால் கட்டாயம் வைக்க வேண்டுமா என்பதற்கு: நெதர்லாந்தின் நைமேகனில் கெய்ஸர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1981-ல் சொன்னது, முன்பக்கம் 20 பல் ஒழுங்காகச் சேர்ந்தால் பலருக்கு அதுவே சாப்பிடப் போதும் என்று. லேப்காரன் இதைச் சொல்லக் கூடாது.

ஜூன் 21, இரவு 8.30

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார். நிமிர்ந்து உட்காரவைத்து, கடி விழும் இடத்தில் மை ஒட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார்களாம். கேப்பில் மூன்று புள்ளி. ஒன்று பெரிய கறுத்த திட்டு, அதைத்தான் குறைப்பார்கள் என்று நினைத்தாராம். டாக்டர் குறைத்தது பக்கத்தில் இருந்த சின்ன வளையத்தை. நடுவில் வெளிறி, சுற்றிலும் நீலம். கெட்டிக்கார டாக்டர். பெரிய திட்டு என்றால் பெரிய அழுத்தம் என்று இல்லை. மை நடுவிலிருந்து பிதுங்கி வெளியே ஓடியிருந்தால் அங்கேதான் பலமாக இடிக்கிறது. இரண்டு தடவை ராவும் பர் தொட்டதாம், பிறகு பாலிஷ். மூன்றாவது நாள் வலி இல்லை.

ஒரு விஷயம் எழுதியிருக்கிறார், ரசித்தேன்: இப்போது கேப் எந்தப் பல்லில் என்று நாக்கால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதாம்.

ஜூலை 2, இரவு 10.10

"தப்பு டாக்டர் மேலா, லேப் மேலா" என்று கேள்வி கேட்டவர் விடாமல் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் லேபில் மாடல்களை நம்பர் எழுதிச் சாக்கில் கட்டி ஆறு மாதம் வைத்திருப்போம், பலரும் வைப்பார்கள். டாக்டர் மூலமாகக் கேட்டு வாங்குங்கள். போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கேப் பல்லுக்கு எதிரே உள்ள பல்லையும் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். பள்ளத்தில் உருண்டையாக, கடுகைவிடச் சின்னதாக, ஏதாவது மினுங்கினால் அதுதான். மாடலைச் சுரண்டிய லேப் பையனிடம் சத்தம் போடாதீர்கள். பிளேடு மழுங்கியிருக்கும், புதிதாக ஒன்று மாற்றச் சொல்லுங்கள்.